ஸ்டீராய்டு என்றால் எந்த ஸ்டீராய்டு?

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு மருந்துக் கடையில் பல வருடமாக நிற்கிறேன். டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் டிப்ளமா, படித்தவன். போன வருடம் ஒரு மாலை, ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே இரண்டு பேர் வந்தார்கள். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அவர்கள்தான்.

முதலில் ஒரு அம்மா. எட்டு வயது மகளுக்கு வீசிங். டாக்டர் எழுதிக்கொடுத்த புடசோனைடு இன்ஹேலரை முந்தாநாள் வாங்கிப் போனவர், பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "பக்கத்து வீட்டுல சொன்னாங்க தம்பி, இதுல ஸ்டீராய்டு இருக்காம். புள்ளைக்கு வேணாம். சிரப்பு ஏதாச்சும் இருந்தா குடுங்க."

அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். இருபது வயது இருக்கும். "ணா, டெக்கா இருக்கா?" கையில் சீட்டு இல்லை. டெக்கா என்பது நான்ட்ரோலோன் ஊசிக்கு ஜிம்மில் வழங்கும் பெயர். எதற்கு என்று கேட்டேன். "ஜிம் மாஸ்டர் சொன்னாருணா. எட்டு வாரம் கோர்ஸ். ஒண்ணும் ஆகாதாம்."

ஒருவர் தேவையான மருந்தைப் பார்த்துப் பயப்படுகிறார். இன்னொருவன் ஆபத்தான மருந்தைக் கடலைமிட்டாய் கேட்பதுபோல் கேட்கிறான். இரண்டுக்கும் வெளியே பெயர் ஸ்டீராய்டுதான். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம்.

பாடி கட்டாத சேசிஸ்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு காட்சி கண்ணில் படும். இஞ்சின், சக்கரங்கள், நீளமான இரும்புச் சட்டம், ஸ்டீயரிங். மேலே ஒன்றுமே இருக்காது. டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓட்டிப் போவார். அதுதான் சேசிஸ். போய்ச் சேருகிற ஊரில் அதன்மேல் பஸ் பாடி கட்டலாம், டிப்பர் கட்டலாம், தண்ணீர் டேங்கர் கட்டலாம். சட்டம் ஒன்றுதான் என்பதற்காகத் தண்ணீர் லாரியில் ஏறி யாரும் ஆம்பூருக்கு டிக்கெட் கேட்பதில்லை.

ஸ்டீராய்டு என்பதும் ஒரு சேசிஸின் பெயர்தான். கார்பன் அணுக்களால் ஆன நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டமைப்பு அது. நம் உடம்பே இதைக் கொலஸ்ட்ராலிலிருந்து செய்துகொள்கிறது. வளையங்களின் ஓரத்தில் எது பூட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறும்.

மருந்துக் கடை அலமாரியில் இதில் இரண்டு குடும்பங்கள் முக்கியம்.

ஒன்று கார்ட்டிகோஸ்டீராய்டு. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. (ஹார்மோன் என்றால் ஒரு சுரப்பி ரத்தத்தில் கலந்துவிடும் ரசாயனச் செய்தி.) அதைப் பார்த்துச் செய்தவைதான் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், அந்த அம்மா திருப்பிக் கொண்டுவந்த புடசோனைடு எல்லாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிக் கிளம்பி உண்டாக்கும் வீக்கத்தை அடக்குவதுதான் இவற்றின் வேலை. ஆஸ்துமா, மூட்டுவாதம், கடும் அலர்ஜி, சில தோல் நோய்கள் என்று பல இடங்களில் உயிர் காப்பவை. இவை தசையை வளர்க்காது. அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் தசையைக் கரைக்கவே செய்யும்.

இன்னொன்று அனபாலிக் ஸ்டீராய்டு. அனபாலிக் என்றால் கட்டி எழுப்புகிற என்று பொருள். ஆணின் விதைப்பையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் அதன் செயற்கை நகல்களும் இந்தக் குடும்பம். நான்ட்ரோலோன், ஸ்டானோசோலோல், மெத்தாண்டியனோன் எல்லாம் இங்கே வரும். இவற்றுக்கும் நியாயமான மருத்துவப் பயன் உண்டு. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்காதவர்களுக்கும், சில வகை ரத்தசோகைக்கும், நோயால் உடல் உருகிப் போனவர்களுக்கும் டாக்டர் எழுதுவார். ஜிம் பையன் கேட்பது இந்தக் குடும்பத்து மருந்தைத்தான்.

இன்ஹேலரில் ஒரு முறை இழுத்தால் வருவது பெரும்பாலும் 200 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வோம், வாய்ப்புண் வராமலிருக்க. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. கடைசியில் இன்ஹேலரை எடுத்துக்கொண்டுதான் போனார்.

இதுவரை பார்த்தது: ஸ்டீராய்டு ஒரு கட்டமைப்பின் பெயர். வீக்கம் தணிக்கும் குடும்பம் வேறு, தசை வளர்க்கும் குடும்பம் வேறு. விளையாட்டுச் செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவது.

பழி சுமக்கும் பவுடரும் பெயர் சொல்லாத மாத்திரையும்

குழப்பம் இதோடு முடிவதில்லை. மகன் புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்கி வந்தால் வீட்டில் "ஸ்டீராய்டு சாப்பிடுறான்" என்று சண்டை. வே புரோட்டீன் என்பது பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்த பிறகு மிஞ்சும் தெளிநீரிலிருந்து எடுக்கும் புரதம். ஸ்டீராய்டு இல்லை. கிரியேட்டினும் இல்லை, போட்டிகளில் அதற்குத் தடையும் இல்லை. ஆனால் ஊர் பெயர் தெரியாத கம்பெனியின் டப்பாவில் லேபிளில் சொல்லாத சரக்கு கலந்திருக்கலாம். அது வேறு தொல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. மெஃபென்டர்மின் ஊசி, ஆபரேஷன் சமயத்தில் இறங்கிப்போன ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கானது. சோர்வு தெரியாமல் தூக்கலாம் என்று சில ஜிம்களில் போட்டுக்கொள்கிறார்கள். பிடிபட்டால் செய்தியில் "ஸ்டீராய்டு ஊசி" என்று வரும். அது ஸ்டீராய்டே இல்லை. இதயத்தைத் துரத்துகிற ஊக்க மருந்து.

அப்புறம் "உடம்பு ஏற மாத்திரை". கல்யாணத்துக்கு முன்னால் ஒல்லிப் பையன்களும் பெண்களும் கேட்டு வருவது. அந்தப் பொட்டலங்களில் பல சமயம் இருப்பது டெக்சாமெத்தசோனும் பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும். கன்னம் உப்பும், எடை ஏறும். ஏறியது நீரும் கொழுப்பும். இது நிஜமாகவே ஸ்டீராய்டு, ஆனால் யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. பெயர் தெரியாத லேகியம், மூட்டுவலிச் சூரணம் சிலவற்றிலும் இதே கதை உண்டு.

தேக்சா மாஸ்டருக்குப் போகும் ஆர்டர்

சரி, அனபாலிக் ஸ்டீராய்டு தசையை எப்படி வளர்க்கிறது?

ஆம்பூர் பிரியாணி கடைச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீரகச் சம்பாவும் கறியும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஆனால் எத்தனை தேக்சா ஏற்றுவது என்று மாஸ்டருக்கு ஆர்டர் வரவேண்டும். அரிசி இருக்கிறது என்பதற்காக அவர் அடுப்பு மூட்ட மாட்டார்.

தசைச் செல்லும் அப்படித்தான். நாம் சாப்பிடும் முட்டை, பருப்பு, புரோட்டீன் பவுடர் எல்லாம் அரிசியும் கறியும். டெஸ்டோஸ்டிரோன் ஆர்டர். கொழுப்பில் கரையும் பொருளாதலால் செல்லின் சுவரைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். உள்ளே அதற்கென்று ஒரு புரதம் காத்திருக்கும். செய்தியை வாங்கிக்கொள்ளும் அந்தப் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். இரண்டும் சேர்ந்து செல்லின் நடுவே இருக்கும் உட்கருவுக்குப் போய், மரபணுக்களில் சிலவற்றைத் தட்டி எழுப்பும். "இன்னும் தசைப் புரதம் செய்" என்பதுதான் உத்தரவு.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு வேலை செய்கிறது. 1996-ல் அமெரிக்காவில் 43 ஆண்களை வைத்து மருத்துவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், பத்து வாரம். உடற்பயிற்சி செய்யாதவர்களுக்குக்கூடத் தசை கூடியது. "அதெல்லாம் சும்மா, வெறும் தண்ணி" என்று பையன்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பக்கத்து பெஞ்சில் தூக்குகிறவனின் தோளை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். நம் பேச்சு அன்றோடு காலி.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆர்டரில் முகவரி கிடையாது. கையில் போட்டாலும் தொடையில் போட்டாலும் ரத்தத்தில் கலந்து ஏற்பி இருக்கிற எல்லா வீட்டுக்கும் போகும். தோலின் எண்ணெய்ச் சுரப்பி ஆர்டரை எடுத்துக்கொண்டால் முதுகெல்லாம் பரு. தலைமுடி வேர் எடுத்துக்கொண்டால் வழுக்கை. இதயத் தசை தடிக்கும். தடித்த இதயம் பலமான இதயம் இல்லை, சரியாக விரிய முடியாத இதயம். நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், கெட்டது ஏறும், ரத்தம் குழம்பு போலக் கெட்டியாகும். இருபத்தைந்து வயதில் மாரடைப்பு என்றால் ஊர் நம்பாது, ஆனால் காரணம் இங்கேதான் வரிசையாக இருக்கிறது. மாத்திரையாக விழுங்குபவை ஈரலில் சீக்கிரம் சிதையாதபடி மாற்றி அமைக்கப்பட்டவை. அதனாலேயே ஈரல் அடிவாங்கும். பெண்கள் எடுத்தால் குரல் தடிக்கும். நிறுத்தினாலும் அந்தக் குரல் திரும்பாது.

இன்னொன்று, தசை வளரும் வேகத்துக்குத் தசைநார் வளராது. எலும்போடு தசையைக் கட்டியிருக்கும் கயிறு அது. கயிறு பழையது, இழுக்கிற மாடு புதியது. நம் பக்கம் எருது விடும் விழா பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சுருக்கமாக: பவுடர் சரக்கு, ஸ்டீராய்டு உத்தரவு. உத்தரவு தசைக்கு மட்டும் போவதில்லை.

மொட்டை மாடி டேங்கும் தண்ணீர் லாரியும்

பலருக்குத் தெரியாத பகுதி இதுதான். நிதானமாகவே பார்ப்போம்.

வீட்டு மொட்டை மாடியில் ஒரு டேங்க். உள்ளே மிதவை. தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கி, கீழே போர் மோட்டார் தானாக ஓடும். நிரம்பினால் நிற்கும். நம் உடம்பிலும் டெஸ்டோஸ்டிரோனுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி மிதவை மாதிரி அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, விதைப்பைக்கு "ஓட்டு" என்று ஹார்மோன் அனுப்பும். விதைப்பைதான் மோட்டார். ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து முதல் ஏழு மில்லிகிராம் வரை சுரந்து, வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பதைத் தொடும். விந்தணு உற்பத்தியும் இதே வயரில்தான் ஓடுகிறது.

இப்போது வேலூர் கோடையில் செய்வதுபோல ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்து டேங்கில் நேராக ஊற்றுங்கள். ஜிம் கணக்கில் வாரத்துக்கு 500, சிலர் 1000 மில்லிகிராம். மிதவை என்ன செய்யும்? நிரம்பிவிட்டது என்று மோட்டாரை நிறுத்தும். லாரித் தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் மோட்டார் ஓடாமல் கிடந்தால்? விதைப்பை சுருங்கும். விந்தணு குறையும், சிலருக்குச் சுத்தமாக இல்லாமல் போகும்.

அப்புறம் கோர்ஸ் முடிகிறது. லாரி வருவதில்லை. டேங்க் காலி. கிடந்து கிடந்து ஜாம் ஆன மோட்டார் உடனே கிளம்புவதுமில்லை. மறுபடி ஓட மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்தையும் தாண்டும், சிலருக்குப் பழைய நிலைக்கு வருவதேயில்லை. அந்த இடைவெளியில் ஏற்றிய தசை இறங்கும், மனம் சோரும், எதிலும் நாட்டம் இருக்காது. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காது. அப்போது மாஸ்டர் சொல்வார், "அடுத்த கோர்ஸ் போட்டுக்கலாம்." ஒரு முறை என்று தொடங்கியவர்கள் விடமுடியாமல் போவது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில்தான்.

டேங்க் நிரம்பி வழிவதற்கும் ஒரு விளைவு இருக்கிறது. மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். அது பெண்களில் அதிகம் சுரக்கும் ஹார்மோன். ஆணின் மார்பு பெண் மார்பு போல வளர்வது இதனால்தான். பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு இன்னும் மோசம். எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு மெல்லிய பகுதி இருக்கிறது, உயரம் கூடுவது அங்கேதான். ஈஸ்ட்ரோஜன் அதை மூடச் சொல்லும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இருக்கிற மாவட்டம் இது. போலீஸ், ராணுவத் தேர்வுக்காக உடம்பை ஏற்ற ஊசி போடுகிற பையன், அந்தத் தேர்வில் அளக்கிற உயரத்தையே அடைத்துக்கொள்கிறான்.

கார்ட்டிகோஸ்டீராய்டிலும் இதே மிதவை உண்டு. பிரெட்னிசோலோன் மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி ஓய்வெடுத்துவிடும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். அதனால்தான் டாக்டர் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார். ஸ்டீராய்டு என்று கேள்விப்பட்ட அன்றே மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

மைதானத்துக்கு வந்த கதை

டெஸ்டோஸ்டிரோனை ஆய்வகத்தில் செய்தது 1935-ல். அதைச் செய்த அடால்ஃப் பூட்டனான்ட், லியோபோல்ட் ருஷிச்கா இருவருக்கும் 1939-ல் வேதியியல் நோபல் பரிசு. 1950-களின் கடைசியில் மெத்தாண்டியனோன் மாத்திரை அமெரிக்கப் பளுதூக்கும் கூடங்களுக்குள் நுழைந்தது. கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே திட்டம் போட்டு, பள்ளி வயதுப் பெண்களுக்குக்கூட வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தது. ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஸ்டீராய்டுக்குச் சோதனை நடந்தது 1976 மான்ட்ரியலில். 1988 சியோலில் கனடாவின் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 விநாடியில் ஓடினார். மூன்றே நாளில் பதக்கம் போனது. சிறுநீரில் ஸ்டானோசோலோல்.

நம் நாட்டுக் கணக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் 2023 அறிக்கைப்படி இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. 3.8 சதவீதம்.

2011-ல் இந்திய நானூறு மீட்டர் வீராங்கனைகள் ஆறு பேர் சிக்கினார்கள். பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையிலிருந்து வந்தது என்றார்கள். அப்படியும் கடைசியில் இரண்டு வருடத் தடை. ஏனென்றால் விதி இதுதான்: உடம்பில் இருந்தால் பொறுப்பு விளையாடுகிறவருடையது. யார் கொடுத்தது என்பது அப்புறம். இப்போது அனபாலிக் ஸ்டீராய்டுக்கு வழக்கமான தடை நான்கு வருடம்.

சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் தெருக்களில் பளு தூக்க ஆசைப்படாத பையன் குறைவு. போட்டிக்குப் போகிறவர்களைச் சோதிக்க நாடா என்ற தேசிய அமைப்பு இருக்கிறது, 2022-ல் போட்ட சட்டமும் இருக்கிறது. தெருமுனை ஜிம்மில் தூக்குகிறவனிடம் யாரும் சிறுநீர் கேட்பதில்லை. அவனைப் பார்க்கிற ஒரே மருந்துக்காரன் பல சமயம் கடையில் நிற்கும் நான்தான்.

கவுன்டருக்கு இந்தப் பக்கம்

மருந்தாளுநர் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதல் பதில் அலுப்பானது: சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. இந்த ஊசிகள் 1945-ஆம் வருட மருந்து விதிகளின் எச் அட்டவணையில் வருபவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டும் விற்கவேண்டும் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். சீட்டில்லாமல் விற்கிற கடைகள் இருக்கின்றன. என் தொழில் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

ஆனால் "இல்லை, போ" என்று மட்டும் சொன்னால் அவன் மாஸ்டரிடமோ ஆன்லைனிலோ வாங்குவான். அங்கே கிடைக்கும் குப்பியில் பேட்ச் நம்பர்கூட இருக்காது. ஒரே ஊசியை மூன்று பேர் போட்டுக்கொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கூடவே வரும். அதனால் டெக்கா கேட்ட பையனை உட்காரவைத்து டேங்க் கதையைச் சொன்னேன். ஏற்கெனவே போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். முகத்தைப் பார்க்காமல், "ஒரு ரவுண்டு ஆச்சுணா" என்றான். பி.பி. பார்த்தேன், 150-க்கு மேல். திட்டவில்லை. ரத்தத்தில் கொழுப்பு, ஈரல், ஹார்மோன் மூன்றும் பார்த்துவிடு, நம்மூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலேயே சுரப்பிகளுக்கென்று எண்டோகிரைனாலஜி துறை இருக்கிறது, டாக்டரிடம் ஊசியை மறைக்காதே என்று எழுதிக் கொடுத்தேன். போனானா என்று தெரியாது. பிறகு ஒரு நாள் பாராசிட்டமால் வாங்க வந்தான், அதைப் பற்றி அவனும் பேசவில்லை.

இன்னொரு வேலை, தெரியாமல் சிக்குகிறவர்களைக் காப்பது. ஸ்டீராய்டு தவிர வேறு பல மருந்துகளும் தடைப் பட்டியலில் உண்டு. பி.பி.க்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரைகள் தடை, ஏனென்றால் சிறுநீரைப் பெருக்கி மற்ற மருந்தை மறைக்கும். பிரெட்னிசோலோன் மாத்திரைக்குப் போட்டி நாட்களில் தடை, இன்ஹேலருக்கும் தோல் களிம்புக்கும் இல்லை. நோய்க்காகத் தடை மருந்து கட்டாயம் வேண்டுமென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கும் வழி இருக்கிறது, அதற்குச் சிகிச்சை விலக்கு என்று பெயர். இதெல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால் இளவட்டம் யார் வந்தாலும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கப் பழகிக்கொண்டேன். "போட்டிக்கு விளையாடுறியாம்மா?"

இந்த ஜனவரியில் ஒரு பெண் இருமல் சீட்டோடு வந்தாள். சிரப்பில் டெர்பூட்டலின் இருந்தது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, நம் ஊர் இருமல் சிரப்புகளில் சர்வ சாதாரணம். வாடா பட்டியலில் எப்போதும் தடை. கேள்வியைக் கேட்டேன். கபடி, அடுத்த வாரம் மாநிலப் போட்டி என்றாள். சீட்டை நானாக மாற்றக் கூடாது. எழுதிய டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, அது இல்லாத வேறொன்றைச் சொல்லி, புதுச் சீட்டும் அனுப்பினார்.

"இருமலுக்கும் கபடிக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்றாள். சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் காட்பாடி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வங்காளக் குடும்பம் அவசரப்படுத்தியது. பாட்டிலைப் பையில் போட்டபடியே, "அப்ப பழைய சிரப்பு வீட்டுல பாதி இருக்கே, அதையும் குடிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதிலும் டெர்பூட்டலின்தான்.